தீர்த்தம் பட்ட பேட்டரி

ஏரியூருக்கு அப்பால் எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு ஹெலிகாப்டரில் பூத்தூவுவது என்று விழாக் குழு முடிவெடுத்தது. வாடகைக்கு வந்த ஹெலிகாப்டரோடு மெக்கானிக்காக வந்தது நான். "எம்புள்ள ரிப்பேரு பாக்குற ஏரோப்ளேனு" என்று அம்மா கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஏரோப்ளேன் இல்லை என்று திருத்தித் திருத்தி எனக்குத்தான் வாய் வலித்தது.

கேழ்வரகு அறுத்த காட்டில் இறங்கும்போதே, பேட்டரி சூடாகிறது என்று விளக்கு எரிந்தது. கழற்றிப் புளிய மரத்தடியில் சாக்கின் மேல் வைத்துத் திறந்தேன். உள்ளே செல்களை இணைக்கும் தகடுகளில் ஒன்று, திருகு தளர்ந்து கருகியிருந்தது. அவ்வளவுதான். தகட்டை மாற்றி முறுக்கினேன். தண்ணீர் மட்டம் பார்க்கச் செல் மூடிகளையும் திறந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் யாரையும் கிட்டே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆபீசுக்குத் தகவல் சொல்ல சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பேட்டரிக்குப் பூஜை முடிந்திருந்தது. பெட்டி விளிம்பெல்லாம் சந்தனம், குங்குமம். ஓரத்தில் ஒரு செம்பருத்தி. திறந்து கிடந்த செல் வாய்களைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் துளித்துளியாக நின்றது.

"உங்க அம்மாதானேன்னு வுட்டுட்டேங்க" என்றார் போலீஸ்காரர். "யாகசாலை தீர்த்தம்னாங்க. மாவிலையில தெளிச்சுக் கும்புட்டுட்டுப் போனாங்க."

டிராக்டரோ மிக்ஸியோ, எது வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைக்காமல் அம்மா ஓடவிட்டதில்லை. எனக்கு அது நினைவிருந்திருக்க வேண்டும். அந்தச் செல்களுக்குள் சுத்தமான பேட்டரித் தண்ணீர் தவிர வேறெதுவும் போகக் கூடாது. மேலே துடைத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகும். உள்ளே இறங்கியதை யார் துடைப்பது? பறக்கும்போது மறுபடி சூடேறித் தீப்பிடித்தால், கீழே நிற்பது என் ஊர். முன்வரிசையில் அம்மா.

என் கையெழுத்து இல்லாமல் அது கிளம்பாது. பைலட் மெதுவாகக் கேட்டார், "போட்டுருவீங்களா?"

"மாட்டேன் சார்."

மாற்று பேட்டரி வண்டியில் வந்து சேர மறுநாளாகும். விழாக் குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "ஏம்மா, ஒரு பேட்டரிய சரிபண்ணத் தெரியலையா? ஆம்பள மெக்கானிக்கா அனுப்பச் சொல்லியிருக்கோணும்."

உண்மையைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். சொன்னால், குடமுழுக்கைக் கெடுத்தவள் என்ற பெயர் அம்மாவுக்குச் சாகும்வரை போகாது. பேட்டரி பழசு என்றேன்.

பூக்கூடைகளைச் சாரத்தில் ஏற்றிக் கையால் கொட்டினார்கள். கூட்டம் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டது. பிறகு என்னைப் பார்த்தது.

வீட்டில் அம்மா சோறு போட்டாள். கண் சிவந்திருந்தது.

"உனக்கு வேலை தெரியலன்னாங்க. வுடுவனா? நல்லா கேட்டுட்டுத்தான் வந்தேன்."

குழம்பை ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எம்மேலதான் தப்பு, கண்ணு. கூட்டத்துல கொஞ்சூண்டு தீர்த்தந்தான் கெடச்சுது. இன்னும் நெறயத் தெளிச்சிருந்தா ஓடியிருக்கும்."