முப்பது வீட்டுச் சாப்பாடு

போன புதன்கிழமை எங்கள் வீட்டு முறை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியாருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிற முறையைத்தான் சொல்கிறேன். எங்கள் கடற்கரைக் கிராமத்தில் முப்பது வீடுகள் அதைப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாள். எப்போதும் என் மனைவி ரெஜினாதான் கொண்டு போவாள். இந்த முறை நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

காரணம் இருந்தது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெரோம். ஏ.எல். பரீட்சை முடித்தவன். சாமியாராகப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். குருமடத்தில் சேரத் தாய் தகப்பன் இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டுமாம். ரெஜினா அழுதழுது கையெழுத்து வைத்துவிட்டாள். என் கையெழுத்துக்கான இடம் மட்டும் இரண்டு கிழமையாக வெறுமையாகவே கிடந்தது.

கோயிலில் காண்கிறவர்கள் எல்லாம் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்கிறார்கள். நான் சிரித்துத் தலையாட்டுகிறேன். எனக்கு நேரில் கதைக்க வராது, எழுத மட்டும்தான் வரும். ஆனால் உள்ளுக்குள் ஒரே கேள்வி. ஆண்டவருக்கு வேலை செய்கிறவன் ஏன் கலியாணம் கட்டக் கூடாது?

சுன்னாகத்தில் நான் வேலை செய்யும் இரும்புக்கடையில் சிவநேசன் என்றொருவன் இருக்கிறான். இணுவில்காரன். விஷயத்தைச் சொன்னபோது ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை விட்டுவிட்டுக் கேட்டான்.

“எங்கடை ஐயர்மாருக்கு மனிசி இல்லாட்டிக் கும்பாபிஷேகம் செய்யேலாது. உங்கடை ஆக்களுக்கு மனிசி இருந்தால் பூசை செய்யேலாது. என்னண்ணை உது?”

நான் சிரித்துவிட்டு மிச்ச ஆணியை நிறுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி கரியரோடு சாமியார் இருக்கிற பங்குமனை வரைக்கும் கூடவே வந்தது.

ஃபாதருக்கு எழுபது நெருங்குகிறது. ஆறு பேர் இருந்து சாப்பிடக்கூடிய மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை மட்டும் இருந்தது. சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். அவரோடு யாரும் இருந்து சாப்பிடுவதில்லை. மரியாதை! நான் வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன்.

“என்ன, கடிதமோ?” என்றார்.

தலையாட்டினேன். பிறகு, எனக்கொன்றும் இல்லை, சிவநேசன்தான் கேட்கிறான் என்பது போலக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

அவர் நன்றாகச் சிரித்தார். என்னை இருக்கச் சொன்னார். கதிரை நுனியில் இருந்தேன்.

இயேசு கலியாணம் கட்டவில்லை, அவரைப் போல வாழ்வதற்காக என்றார். கட்டியவனுக்கு மனைவி பிள்ளைகளின் யோசனை, கட்டாதவனுக்கு ஆண்டவரின் யோசனை என்று புனித பவுல் எழுதியிருப்பதைச் சொன்னார். ஆனால் தலைமைச் சீடர் இராயப்பருக்கே மாமியார் இருந்தாராம். ஆரம்பத்தில் குருக்கள் பலர் குடும்பக்காரர்களாம். கட்டாயச் சட்டம் பல நூறு வருடங்களுக்குப் பிறகுதான் வந்ததாம். கோயில் காணி பூமி பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போய்விடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணமாம். கிழக்குத் திருச்சபைகளில் இன்றைக்கும் கலியாணம் கட்டிய கத்தோலிக்கக் குருக்கள் இருக்கிறார்களாம். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

சொல்லிக்கொண்டே சோற்றில் பருப்பை மட்டும் விட்டுப் பிசைந்தார். ரெஜினாவின் நண்டுக்கறியைத் தொடவில்லை. ஊரே புகழும் கறி!

ஏன் என்று கேட்டேன்.

“நண்டு எனக்குக் கூடாது. உடம்பெல்லாம் தடிக்கும்.”

அவர் இந்தப் பங்குக்கு வந்து நாலு வருடம். நாலு வருடமாக எங்கள் முறைக்கு நண்டுதான். எல்லாம் கோயில் கூட்டுகிற அன்ரனி அண்ணைக்குப் போயிருக்கிறது... அந்த மனுசனின் முகம் ஏன் எங்களைக் கண்டதும் அப்படி மலரும் என்பது அன்றுதான் விளங்கியது.

“சொல்லியிருக்கலாமே ஃபாதர்?”

“ரெஜினாவின்ரை மனம் நோகும். நீங்கள் மாதத்திலை ஒரு நாள் எண்டு திறமாச் சமைச்சு அனுப்புறியள். முப்பது வீடும் அப்பிடித்தான். எனக்கு மாதம் முழுக்கப் பெருநாள். சீனி வருத்தமும் என்னோடை சேர்ந்து கொண்டாடுது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். அடுத்த மாதத்துக்காகத்தான் கேட்டேன்.

கோப்பையிலிருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“அதை ஆரும் கேட்டுக் கனகாலம். இப்ப எனக்கே தெரியேல்லை.”

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

“சண்டைக் காலத்திலை, நான் முந்தி இருந்த பங்கிலை ஷெல் அடிக்கேக்கை சனமெல்லாம் கோயிலுக்குள்ளை. நானும் அதுகளோடை கடைசி மட்டும் நிண்டனான். என்னைப் பெரிய வீரன் எண்டு கதைச்சினம். எனக்கெண்டு ஒரு பிள்ளை இருந்திருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளா ஓடியிருப்பன். எனக்குத் தெரிஞ்ச காரணம் உதுதான். மற்றதெல்லாம் புத்தகத்திலை கிடக்கு.”

“அப்ப நான் கையெழுத்து வைக்கிறதோ, விடுறதோ?”

“அதை நான் சொல்லக் கூடாது.”

கை கழுவப் போய்விட்டார்.

எல்லோருக்கும் சொந்தமானவனாக இருக்க வேண்டுமென்றால் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் இருக்க வேண்டும். காரணம் விளங்கிவிட்டது. விளங்கினால் பாரம் குறையும் என்று யார் சொன்னது?

அன்று பின்னேரமே கையெழுத்து வைத்தேன். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிற தகப்பனாகத்தானே இரண்டு கிழமையாக இருந்திருக்கிறேன்... ஜெரோம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதைக்க வராததில் அவன் என்னைப் போல.

ரெஜினாவிடம் நண்டு விஷயத்தைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், ஜெரோமின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜெரோம் தம்பிக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு கடிக்கும். சொதிக்குப் புளி கூடினால் சாப்பிட மாட்டான். காய்ச்சல் வந்தால் ரசமும் சோறும் மட்டும். பசித்தாலும் வாய் திறந்து கேட்க மாட்டான், பார்த்துப் போட வேண்டும்...

அவன் சாமியாராகி வர இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது. எந்த ஊருக்கு விடுவார்களோ, எந்த வீடுகள் அவனுக்குச் சமைக்குமோ?

“உதை ஆருக்குக் குடுக்கிறதுக்கு எழுதுறாய்?” என்று கேட்டேன்.

பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். குனிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.