ராஜா தாவிய ஆட்டம்

மாட்டுங்காவில் எங்கள் சதுரங்கக் கழகம் ஒரு காபி ஹோட்டலுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே தோசை முறுகும் வாசனை வந்தால் மேலே ஒரு ராணி பறிபோகும். நான் இழந்த ராணிகளில் பாதிக்கு அந்தத் தோசைக்கல்தான் பொறுப்பு. மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கூடி ஆராய்வோம்.

கழகத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஜெயித்தவன் மறுநாள் காலை அதே ஆட்டத்தை எல்லோர் முன்னாலும் முதலிலிருந்து ஆடிக்காட்ட வேண்டும். ஒவ்வொரு காயையும் ஏன் அங்கே வைத்தான் என்று காரணம் சொல்ல வேண்டும். தோற்றவருக்கு முன்வரிசை நாற்காலி. அவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கையில் வருகிற காயை நகர்த்திவிட்டு அப்புறம் யோசிக்கிற என் போன்றவனுக்கு, ஜெயிப்பதைவிடக் காரணம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் பூனாக்காரர்கள் எங்களைப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். நாலு பேர் போக வேண்டும். முதல் மூன்று பேர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாலாவது இடத்துக்கு நானும் அண்ணாச்சியும் ஒரு ஆட்டம் ஆடி, ஜெயித்தவர் போவது என்று காரியதரிசி தீர்ப்புச் சொன்னார். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் மளிகைக் கடை. நான் பாலக்காட்டுப் பூர்வீகம். கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. எனக்குப் பூனா போயே ஆகவேண்டும். ஏனென்றால் ஆட்டம் நடப்பதற்கு முன்பே லீவு சாங்ஷன் வாங்கிவிட்டேன். என் மனைவி கட்டடம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மூன்றாம் மாடி மாமி செப்புக் குடம் வாங்கிவரச் சொல்லி, அளவுகூடக் கையால் காட்டிவிட்டாள்.

இதில் ஒரு சிக்கல். பூனாக்காரர்கள் ஆடுவது இங்கிலீஷ் ஆட்டம். நாங்கள் அத்தனை பேரும் வீட்டில் கற்றுக்கொண்டது நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். இங்கிலீஷ் ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். ராஜா தாவக்கூடாது, வேண்டுமானால் பக்கத்து யானையோடு சேர்ந்து மரியாதையாக மூலையில் ஒதுங்கலாம். பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் ராஜா ஒரே மாதிரிதான் தாவினார் என்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை. காரியதரிசி ஒரு இங்கிலீஷ் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டு வைத்துக்கொண்டு இனிமேல் இதுதான் சட்டம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அவ்வளவு ஒற்றுமையாகத் தலையாட்டியபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை நான் ஜெயித்தேன். அண்ணாச்சியின் ராணியை ஒரு மூலையில் மடக்கி, அவர் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தபோது எனக்குப் பூனா ரயிலின் ஊதல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சலவைச் சட்டையோடு பலகை முன்னால் நின்றேன். முதல் நகர்வு, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய் இரண்டு கட்டம். “நடுவைப் பிடிப்பதற்காக” என்றேன். ரேஷன் கடை வரிசையில் இடம் தாண்டிப் போனவனைப் போல அப்போது எனக்குக் கை கூசியதைச் சொல்லவில்லை. இரண்டாவது, குதிரை. அதற்குக் காரணம் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் குதிரையைத்தான் எடுப்பார்கள். நாலாவது நகர்வில் அண்ணாச்சி நிறுத்தி, கோணலாக ஓடுகிற ஒட்டகத்தை அங்கே எதற்கு வைத்தீர் என்று கேட்டார். கீழே இருந்து டம்ளர் வந்ததும் காபிக்கு இடம் வேண்டி அதை நகர்த்தினேன் என்பதுதான் உண்மை. “தூரத்துக் குறி” என்றேன். முன்வரிசை மெச்சியது. ஆறாவதில் ராஜாவுக்கு வலது பக்கம் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஒரு காலியிடம் செய்ததை, பின்னால் வரப்போவதை உத்தேசித்து என்று விளக்கினேன். இது ஒன்றுதான் நிஜமான காரணம். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பதினோராவது நகர்வு. ராஜாவை இரண்டு விரலால் தூக்கி, அந்தக் காலியிடத்தில் அழகாக இறக்கினேன். “இதுதான் ஆட்டத்தின் திருப்பம். ராஜா பத்திரமாகிவிட்டார். இனிமேல் யானைக்கு வழி திறந்தது.” நாலைந்து பேர் சபாஷ் என்றார்கள். காரியதரிசி மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஓய், ஒரு நகர்வு பின்னாடி போம். ராஜா எங்கே இருந்தது?”

“அதோட இடத்துலதான்.”

“இப்போ எங்கே இருக்கு?”

“பத்திரமா, இதோ இங்கே.”

“நடுவுல எந்த வழியாப் போச்சு?”

பலகையில் தேடினேன். வழி இல்லை. என் ராஜா பாலக்காட்டு வழியாகப் போயிருந்தார். சபாஷ் சொன்னவர்கள் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களும் சனிக்கிழமை சுற்றி நின்று பார்த்தவர்கள்தான். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அந்த நேரம் பார்த்துக் காரியதரிசி கீழே காபிக்குப் போயிருந்தார்.

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பூனா அவருக்குத்தான். அவர் முன்வரிசையிலிருந்து நிதானமாக எழுந்தார்.

“அவரை மட்டும் ஏன் ஏசுதீய? மூணு நகர்வு கழிச்சு என் ராஜாவும்லா தாவுனாரு.”

நான் ஆடிக்காட்டினால் மூன்று நகர்வில் அது எப்படியும் தெரிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் அதற்குள் பலகையை விட்டு விலகி நின்றுவிட்டேன். ராஜாக்கள் இருவரும் சட்டத்தை மீறிக் குதித்த ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று காரியதரிசி காக்கிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரருக்கு இப்படி ஒரு நிலைமை வரும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. கடைசியில் அவரே ஒரு சட்டம் செய்தார். அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. வருகிற சனிக்கிழமை மறுபடியும் ஆட வேண்டும். முடிகிறவரை அவர் காபி குடிக்க மாட்டார்.

ஜெயித்த ஆட்டத்தைத் தானே விளக்கிச் சொல்லி இல்லாமல் ஆக்கியவன் கழகத்தில் எனக்கு முன்னால் யாருமில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவிக்குச் சதுரங்கத்தில் அக்கறையில்லை. பூனா விஷயத்தில் இருந்தது.

“அப்போ பூனா உண்டா இல்லையா? மாமிகிட்டே நான் என்ன சொல்லட்டும்?”

“ராஜா தாவிட்டார்னு சொல்லு.”

“தாவினது ராஜாவா, நீங்களா?”

மறு சனிக்கிழமை ஆடினதை ஆட்டம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இரண்டு பேரும் ராஜாவைத் தொடவே பயந்தோம். நான் எட்டாவது நகர்வில் யானையோடு சேர்த்து ராஜாவை ஒதுக்கியபோது, சரியா என்று காரியதரிசி முகத்தைப் பார்த்தேன். அவர் காபி இல்லாத எரிச்சலில் தலையசைத்தார். அண்ணாச்சியும் ஒதுக்கினார், அவரும் பார்த்தார். பிறகு ஒன்றுக்கொன்று வெட்டி வெட்டிப் பலகை காலியானது. ராணிகள் போயின, யானைகள் போயின. கடைசியில் இரண்டு ராஜாக்களும், எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் ஆளுக்கு ஒரு சிப்பாயும். என் சிப்பாய் பாதி வழி வந்திருந்தது. அண்ணாச்சியின் சிப்பாய் ஆட்டம் தொடங்கியதிலிருந்து யாரும் தொடாமல் ஓரத்தில் நின்றது. அவருடைய முறை. இனி ஓட்டப்பந்தயம்தான். அவர் ஒரு கட்டம் வைத்தார், நான் ஒரு கட்டம் வைத்தேன். என் சிப்பாய் கோடியைத் தொட்டு ராணியானபோது அவருடையது வாசலுக்கு இரண்டு அடி முன்னால் நின்றது. புது ராணி பாய்ந்து அதை மறித்தது. ஜெயித்தேன். இந்தத் தடவை ரயில் ஊதல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காது காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு நகர்வையும் ஜாக்கிரதையாக ஆடிக்காட்டினேன். ஒதுங்கிய ராஜாவைக் காரியதரிசி கிட்டே வந்து பரிசோதித்தார். ஒரு குற்றமும் இல்லை. அந்த ஓட்டப்பந்தயத்துக்கு வந்ததும் அண்ணாச்சி கையை உயர்த்தினார். தம் ஓரத்துச் சிப்பாயை முதல் இடத்துக்குத் திரும்ப வைக்கச் சொன்னார். வைத்தேன். அவரே வந்து அதை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தார். மேற்கொண்டு நகர்த்திப் பார்த்தோம். என் ராணி பிறந்த கையோடு அவருக்கும் ஒரு ராணி பிறந்தது. ஆட்டம் சமன்.

ஒரு கட்டம் மட்டுமே போகப் பழகிய கை, கடைசி நேரத்தில் ஊர்ப் பழக்கத்துக்கே போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கும் அது தோன்றவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒரு கட்டம்தான் வைத்திருப்பேன். இந்த ஆட்டமும் நடக்கவில்லை என்று ஆகிவிடுமோ என்று காரியதரிசியைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைத் தேடினார். அண்ணாச்சி அவர் கையை அமர்த்தினார்.

“புஸ்தகம் எதுக்கு? ஒரு கட்டம் நவுத்துனது தப்புன்னு எந்தச் சட்டமும் சொல்லாதுல்லா. நான் தோத்தது தோத்ததுதான்.” என் பக்கம் திரும்பினார். “பூனாவுக்குப் போயிட்டு வாரும் வே. ஆனா ஒண்ணு, நானும் வாரேன். நீரு அங்க போயி ராஜாவைத் தாவ விட்டீருன்னா பிடிச்சு உக்கார வைக்க ஆள் வேணும்.”

சொன்னபடியே மைத்துனனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். கர்ஜத்தில் ரயில் மலையேறப் பின்னால் இன்னொரு இன்ஜின் கோத்தபோது டப்பா பாதி காலி. பூனாவில் என் ராஜா சட்டப்படி நடந்துகொண்டார்; சட்டப்படியே மாட்டிக்கொண்டார். முப்பது நகர்வைத் தாண்டவில்லை. எனக்கு எதிரே ஆடியவர் எழுந்து கைகுலுக்கியபோது, பின்னால் நின்ற அண்ணாச்சி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

திரும்பி வரும் ரயிலில் மடியில் பலகையை விரித்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துப் பார்த்தோம். கல்யாண் வருவதற்குள் நான் தோற்ற இடத்தை அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார். தாதரில் இறங்குவதற்குள், அதற்கு முன்னாலேயே இன்னும் இரண்டு இடத்தில் நான் தோற்றிருந்தது தெரிந்தது.