கிணற்றடித் தேசி

முகாமிலிருந்து தர்மபுரத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றடியில் முள்ளுக் கன்று ஒன்று மட்டும் நின்றது. இலையைக் கசக்கினேன், எலுமிச்சை மணத்தது. சண்டையில் காணாமல்போன என் கணவர் நட்ட தேசிதான் என்று அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளையாகப் பூத்தது. ஆனால் காய்கள் அருநெல்லிக்காய் அளவிலேயே நின்றுவிட்டன. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் ஒரு வாளி கூட்டினேன்.

சென்ற மாரியில், பக்கத்துக் காணிக்குப் புதிதாக வந்த பெண் வேலிப் படலையடியில் நின்றாள்.

"அக்கா, அம்மாவுக்குக் காய்ச்சல். அவிச்சு வேது பிடிக்க உங்கட குருந்தில கொஞ்ச இலை பிடுங்கட்டோ?"

"குருந்தோ? அது தேசி. என்ர அவர் வைச்சது."

அவள் ஓர் இலையைப் பிடுங்கி மணந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் அக்கா, தேசிதான்."

அவள் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு விளங்கியது. குருந்து, தேசிபோல மணக்கும் காட்டு மரம். அதை யாரும் வீட்டில் நடுவதில்லை. குருவிகள் போட்ட விதையில் தானாக முளைப்பது.

இன்றும் வாளியோடுதான் போகிறேன். கேட்பவர்களிடம் தேசி என்றே சொல்கிறேன். "அடி விசரி, இது குருந்தெல்லோ" என்று அவரே வந்து சொல்லட்டும்.