மாறிலி டீச்சர்

ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவின் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் மாறிலி. இயற்கணிதத்தைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: சமன்பாட்டில் எக்ஸ், ஒய் என்று வேளைக்கொரு வேஷம் கட்டுவது மாறி. ஏழு என்றால் என்றைக்கும் ஏழாகவே இருந்து தொலைப்பது மாறிலி. இந்தப் பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தபோது டீச்சருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பாடமாவது மண்டையில் ஏறியிருக்கிறதே என்று மெச்சிக்கொண்டார்.

பெயர் பொருத்தம்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள், முதல் பீரியட், அதே சாக்பீஸ், அதே பேச்சு. நோட்டில் இடப்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு. விடைக்குக் கட்டம். அடித்தல் திருத்தல் ஆகவே ஆகாது. வீடு போய் முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் வீட்டுப்பாடத்தைத் தொட்டுவிட வேண்டும். சந்தேகம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் இந்தக் கடைசி விதியை மட்டும் யாரும் பயன்படுத்தியதில்லை. தன் பாடம் அத்தனை தெளிவு என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தார்.

இந்த வருஷம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. டீச்சரின் ஒரே மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். டீச்சரின் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, அதே வீட்டு மாடியில் குடியிருப்பவள், அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். பெற்ற பிள்ளை பெற்றவள் வகுப்பில் உட்காரக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். ஆக, மகள் ‘ஆ’ பிரிவுக்குப் போனாள். அங்கே கணக்குக்கு யார் என்று நினைக்கிறீர்கள்? சித்திதான்.

முதல் நாள் சாயங்காலம் டீச்சர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“என்ன நடத்தினா உங்க சித்தி?”

“ஒண்ணும் நடத்தலம்மா.”

“அதானே பாத்தேன்!”

“கணக்குல எதைக் கண்டா பயம்னு ஆளாளுக்குச் சொல்லச் சொன்னாங்க. கடைசில அவங்க பயத்தையும் சொன்னாங்க.”

“அவளுக்கென்ன பயமாம்?”

“சின்ன வயசுல பின்னத்தைக் கண்டா பயமாம். இப்போ பக்கத்து கிளாஸ் டீச்சரைக் கண்டா பயமாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.”

டீச்சரும் சிரித்தார். அதாவது, உதட்டை அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

“அப்புறம் ஒரே ஒரு வேலை குடுத்திருக்காங்க. தினமும் வீட்டுல யாருக்காவது ஒரு கணக்கு சொல்லிக்குடுக்கணும்.”

இது டீச்சருக்குப் பிடித்தது. மகளுக்கு ஒன்று, இரண்டு எழுதப் பழக்கியதிலிருந்து போன வருஷம் வரைக்கும் சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது இனி இல்லையே என்று விடுமுறை முழுக்க உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இதோ, வழி கிடைத்துவிட்டது! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கே, எனக்குச் சொல்லு பாப்போம்.”

“உனக்கு எதுக்கும்மா? கணக்கு தெரியாதவங்களுக்குத்தான் சொல்லணும். அப்பா! இங்க வாங்கப்பா.”

அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். மேலே போவதும் கீழே வருவதும் அவருக்கு அத்துப்படி. சமன்பாட்டைக் கண்டால் மட்டும் படிக்கட்டு வழியாக ஓடிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றிலிருந்து சாயங்காலமானால் கையில் டீயோடு, டீச்சரின் நாற்காலியில், டீச்சரின் மகளுக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார்.

“அட, எக்ஸுன்னா இவ்வளவுதானா? இதுக்கா பயந்துட்டு நான் படிப்பை விட்டேன்?”

“நல்லா கேக்கறீங்கப்பா. சித்தி கிட்ட சொல்றேன்.”

சமையலறையில் பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. கல்யாணம் ஆன நாள் முதல் தான் சொன்ன எதையாவது இந்த மனுஷன் இப்படித் தலையாட்டிக் கேட்டதுண்டா? ஓரகத்தி மேல் பொறாமைப்பட்டால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கட்டின புருஷன் மேல், அதுவும் எக்ஸுக்காகப் பொறாமைப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் வெட்கத்தை விட்டு இறங்கினார். “இந்தாடி, இந்த மாதிரிக் கணக்கெல்லாம் எனக்கே இப்போ கொஞ்சம் மறந்தாப்ல இருக்கு...”

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நடிக்காதம்மா. உனக்கு நடிப்பு வராது.”

வீட்டில் தோற்றதை வகுப்பில் ஈடுகட்ட டீச்சர் கிளம்பினார். சித்தியிடம் சிரிப்பு இருந்தால் தன்னிடம் முழக்கம் இருக்கட்டும். சமன்பாட்டுப் பாடத்தை இத்தனை வருஷமாக இரண்டு பகுதியாகச் சொல்லிவந்தவர் அவர்: சமக்குறியைத் தாண்டினால் கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். இரண்டையும் சேர்த்துக் கத்தினால் மூச்சு வாங்கும், எடுப்பாகவும் இல்லை. எனவே சுருக்கி, மேஜையில் தாளம் தட்டி, வகுப்பையே கத்தவைத்தார்.

“அந்தப் பக்கம் போனா?”

“குறி மாறும்!”

“சத்தமா! அந்தப் பக்கம் போனா?”

“குறி மாறும்!”

‘ஆ’ பிரிவுக்குக் கேட்டிருக்கும். அதற்குத்தானே கத்தியது. மாறிலி டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மாற்றிய ஒரே விஷயம் இதுதான்.

முதல் தேர்வு வந்தது. ‘அ’ பிரிவுத் தாளை ‘ஆ’ டீச்சரும், அவர் பிரிவுத் தாளை இவரும் திருத்துவது அங்கே வழக்கம். மகளின் தாள் கைக்கு வந்ததும் டீச்சர் பேனாவைத் தீட்டிக்கொண்டார். எல்லா விடையும் சரி. ஆனால் ஓரிடத்தில் தப்பாகப் போட்டதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்திலேயே சரியாகப் போட்டிருந்தாள். தப்பை மறைக்காதே, அதைத் தாண்டிப் போ என்பது சித்தியின் பாடமாம். சுத்தமின்மைக்கு அரை மார்க் குறைத்தார் டீச்சர். மனசுக்கு இதமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் சின்னவளான ஓரகத்தி மாடியிலிருந்து விடைத்தாள் கட்டோடு இறங்கி வந்தாள்.

“அக்கா, ஒரு கணக்கு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி தப்பு விட்டிருக்காங்க. நான் மார்க் போடல, பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன். நீங்க பாத்து முடிவு பண்ணுங்க.”

“ஏன், நீயே போட வேண்டியதுதானே?”

“உங்க பிள்ளைங்கக்கா. எப்படிப் போட்டுக்குடுத்தீங்கன்னு தெரியாம நான் எப்படிக் குறைக்கறது?”

தான் குறைத்த அரை மார்க் அந்த நேரத்தில் எங்கோ சுருக்கென்று குத்தியது. எதிரி நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் மனுஷி என்னதான் செய்வாள்? ‘வெச்சிட்டுப் போ’ என்று மட்டும் சொன்னார். கட்டைப் பிரித்தார். மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு; எக்ஸ் எவ்வளவு? நான்கு என்று எழுத வேண்டிய இடத்தில் வகுப்பே சேர்ந்து மைனஸ் நான்கு என்று எழுதியிருந்தது.

காப்பி அடித்திருக்கிறார்கள்! மறுநாள் வகுப்பில் கட்டைத் தொப்பென்று மேஜையில் போட்டார்.

“யாரைப் பாத்து எழுதினீங்க?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கேக்கறேன்ல? யாரைப் பாத்து எழுதினீங்க?”

கடைசி பெஞ்சிலிருந்த வாயாடி எழுந்தாள். “உங்களைப் பாத்துத்தான் டீச்சர். மூணு அந்தப் பக்கம் போச்சு. குறி மாறிச்சு. மைனஸ் மூணால வகுத்தோம்.”

டீச்சர் கட்டை ஒருதரம் புரட்டிப் பார்த்தார். சமாளித்துக்கொண்டு, “அது கூட்டலுக்குத்தான்டி. பெருக்கல் தாண்டினா வகுத்தலாகும், அவ்வளவுதான். குறி மாறாது” என்றார்.

வாயாடி உட்காரவில்லை. கையைத் தூக்கினாள். வகுப்பே அவள் கையைப் பார்த்தது.

“ஏன் டீச்சர்? ஒண்ணுக்கு மாறுது, ஒண்ணுக்கு மாறல?”

“அது அப்படித்தான்” என்றார் மாறிலி டீச்சர். சொன்ன மறுகணமே, அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, பிள்ளைகளுக்கும் தெரிந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் அவருக்குத் தெரியாமலில்லை. விதியாகவே சொல்லிச் சொல்லி, அதை ஒரு பிள்ளைக்குப் புரிகிற வார்த்தையில் சொல்ல வாய் பழகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். மாடி ஏறிச் சின்னவளைக் கேட்கலாம். அதற்கு வேலையையே விட்டுவிடலாம். வீடு வந்தது. மகள் நோட்டோடு மேஜையில் இருந்தாள். டீச்சர் முகம்கூடக் கழுவாமல் போய் எதிரே உட்கார்ந்தார்.

“மூணு எக்ஸ் சமம் பன்னண்டு. இதை எப்படிச் சொன்னா புரியும்? எனக்குத் தெரியல.”

மகள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நடிப்பு தென்படுகிறதா என்று தேடினாள் போலிருக்கிறது. பிறகு நோட்டைத் திருப்பி வைத்தாள்.

“எண் எங்கயும் போகாதும்மா. அதுக்கென்ன காலா இருக்கு? நாமதான் ரெண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்யறோம். இங்க மூணு எக்ஸ் இருக்கு, எனக்கு ஒண்ணு போதும். அதனால இந்தப் பக்கத்தை மூணாப் பிரிக்கறேன். அப்போ அந்தப் பக்கத்தையும்?”

“மூணாப் பிரிக்கணும்.”

“மைனஸ் எங்கிருந்தாவது வந்துச்சா?”

“வரலை.”

“கூட்டலா இருந்தா? எக்ஸ் கூட அஞ்சு இருக்கு, அந்த அஞ்சு வேண்டாம்னா?”

“ரெண்டு பக்கமும் அஞ்சை எடுத்துடணும். அந்தப் பக்கம் பாக்கறதுக்கு மைனஸ் அஞ்சு வந்த மாதிரி தெரியும்...” டீச்சர் மேஜையைத் தட்டினார். “அட!”

“நல்லா கேக்கறம்மா” என்றாள் மகள். “சித்தி சொன்னா இன்னும் நல்லா புரியும்.”

“நீயே சொல்லு. அடுத்தது என்ன?”

வாசலில் கையில் டீயோடு அப்பா வந்து நின்றார். தன் நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்தார். மகள் நிமிரவில்லை.

“ஏம்மா, இன்னைக்கு எனக்கு கிளாஸ் இல்லையா?”

“இல்ல” என்றார் டீச்சர், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்களுக்குத்தான் எல்லாம் புரிஞ்சுபோச்சே. போய் டீயைக் குடிங்க.”

சமையலறையில் ஒரு டம்ளர் தேவைக்கு மேல் சத்தம் போட்டது.