மலைப்பாதை வாசலில் ஒரு கதவுக்கல்

கெய்க் சிம்முக்கு மன்னிக்கத் தெரியாது. சமைக்கத் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும், நாலு பாஷையில் திட்டத் தெரியும். இது ஒன்று மட்டும் வராது. பக்கத்து வீட்டுக்காரியான நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் மன்னிக்கிறவர்கள் அதிகமானதால்தான் அயோக்கியர்கள் கொழுத்துப் போகிறார்கள் என்பது என் கட்சி.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில். அவள் ஹொக்கியன் சீனத்தி, நான் பினாங்குத் தமிழச்சி. ஆனால் கோபம் வந்தால் அவள் எந்தப் பாஷையில் பேசினாலும் எனக்குப் புரிந்துவிடும்.

பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். சன்னலே இல்லாத கூடத்தில், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்கிற வேலை. "வெளிய மழையா வெயிலான்னுகூடத் தெரியாது மரகதம். ஆயுசுல பாதிப் பகல நான் பாக்கவே இல்ல" என்பாள். ஓய்வு பெற்ற மறுநாளே கறுப்பு ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கொடிமலை ஏறத் தொடங்கிவிட்டாள். பாதி வழியில், மலை ஏறுகிறவர்களே தண்ணீர் சுமந்துபோய் டீ போட்டுக் கொடுக்கிற கொட்டகை ஒன்று உண்டு. அங்கே இவளுக்கென்று ஒரு கோப்பை ஆணியில் தொங்கியதாம்.

அப்போது வீடு டவுனில், உயரமான அடுக்குமாடியில். புருஷன் தெய்க் ஹுவாட் பழைய பஸ் ஓட்டுநர். முட்டி தேய்ந்துபோனவர். அந்தக் கட்டடத்து லிப்ட் வேலை செய்த நாளைவிடப் படுத்துக் கிடந்த நாள்தான் அதிகம். இவள் மலை ஏறிவிட்டுத் திரும்பும்போது அவர் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து மலையைப் பார்த்தபடி நிற்பாராம். "இன்னைக்குக் குரங்கு வந்துச்சா?" என்று கேட்பாராம். அந்தக் கேள்விதான் அவளை வீடு மாற வைத்தது.

சரியாக அந்த நேரத்தில் பூன் கியாட் வந்தான். அவளுடைய தங்கை மகன். வீடு விற்கிற தரகன், பல்லெல்லாம் சிரிப்பு. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வரிசை வீடுகளாகப் புதுத் தாமான் வருகிறது, பின்வாசலைத் திறந்தால் மலைப்பாதை என்று ஒரு பெரிய படத்தை விரித்துக் காட்டினான். படத்தில் ஒரு கிழவனும் கிழவியும் கைகோத்துக்கொண்டு மரத்தடியில் நடக்கிறார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் அன்று வாதாடியதை அவள் எனக்குப் பலமுறை நடித்தே காட்டியிருக்கிறாள்.

"டவுன்ல எல்லாம் காலடியில கெடக்கு. பசாரு, கிளினிக்கு, கோப்பிக் கடை" என்றாராம் அவர்.

"காலடியில கெடந்து என்ன? உன் காலு கீழ எறங்கினாத்தானே?"

"அங்க போனா ஒரு நாசி லெமாக் வாங்கணும்னாக்கூட காடி எடுக்கணும்."

"நாசி லெமாக்க நான் ஆக்கிப் போடுறேன். மலைய ஆக்கிப் போட முடியுமா என்னால?"

டவுன் வீட்டை விற்று எங்கள் வரிசைக்கு வந்தார்கள்.

அந்த முதல் வருஷத்தை நான் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, பூன் கியாட் சொன்ன மலை இருந்தது, பாதையும் இருந்தது. பின்பக்கச் சந்து தாண்டினால் மரநிழல், கொஞ்சம் ஏறினால் ஓடை. முதலில் தெய்க் ஹுவாட் தடியோடு பாதி வழி போய்த் திரும்பினார். பிறகு தடியில்லாமல் போனார். ஒருநாள் ஓடைவரைக்கும் ஏறிவிட்டார். அதற்குச் சாட்சியாக அங்கிருந்து ஒரு கல்லைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வந்து, ஏதோ போட்டியில் ஜெயித்த கிண்ணம் மாதிரி என் வாசலில் நின்று காட்டினார். அடி தட்டையாக, மேலே மொழுமொழுவென்று பூசணிக்காய் அளவில் இருந்தது. மலைக்காற்றில் அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளும். அன்றிலிருந்து அந்தக் கல்தான் கதவுக்கு முட்டு.

பிறகு ஒரு காலை பார்த்தால் பாதையின் வாயில் கம்பிவேலி, இரும்புக் கதவு, பூட்டு. மேலே பணக்காரர்களுக்குப் பங்களா வரப்போகிறதாம். இனி மலை அவர்களுக்கு மட்டுமாம். நேப்பாளத்து ஜாகா ஒருவனைக் காவலுக்கு நிற்க வைத்திருந்தார்கள்.

கெய்க் சிம் என்னையும் இழுத்துக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குப் போனாள். குளுகுளு அறையில் பூன் கியாட் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் படத்த எடு" என்றாள் இவள். "அந்தக் கெழவனும் கெழவியும் எங்கடா நடக்குறாங்க?"

"பெரியம்மா, படம்னா சும்மா அழகுக்குப் போடுறதுலா. மலை பக்கத்துல இருக்குன்னுதான் சொன்னோம். இருக்குல்ல? யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?" பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெம்பு கொடுத்துவிட்டது. "பெரியப்பாவுக்கு நடக்கணும், அவ்வளவுதானே? ரோடு போட்டுக் குடுத்திருக்கோம். ரோட்ல நடக்கச் சொல்லுங்க."

தெய்க் ஹுவாட் ரோட்டில் நடந்தார். எங்கள் தாமானைச் சுற்றிப் போகும் பெரிய ரோட்டுக்கு நடைபாதை கிடையாது. மேலே பங்களா கட்ட மண் ஏற்றிய லோரிகள் நாள் முழுவதும் போய் வந்தன. ஒரு காலை, அதில் ஒன்று வளைவில் அவரைத் தட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவு வீட்டுக்குப் பூன் கியாட் மலர்வளையத்தோடு வந்தான். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போனான். கெய்க் சிம் எழுந்து வந்து அவன் கையிலிருந்து ஊதுபத்தியைப் பிடுங்கி, நெருப்பை விரலாலேயே நசுக்கி அணைத்தாள்.

"நீ கும்பிடாத. உனக்குத்தான் ரோடு இருக்கே, போய் அதுல நட."

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். கெய்க் சிம் தன் கஞ்சியை ஆறவே விடவில்லை. அழுததை நான் பார்க்கவில்லை. சமையலறைக் கதவு அடித்துக்கொண்டால் அந்தக் கல்லைக் காலால் நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் கொட்டுகிற மழை. ஜாகா தன் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடந்தான். கெய்க் சிம் குடையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மரகதம், உன்கிட்ட செவப்புத் துணி இருக்கா?"

"என்னாத்துக்கு?"

"சாமிக்கு."

அவள் கையில் இருந்த வாளியில் அந்தக் கதவுக்கல் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. இங்கே சீனர்கள் மண்ணுக்குக் காவலாக டத்தோ சாமியைக் கும்பிடுவார்கள். மரத்தடியில் சிவப்பாகச் சின்னக் கூடு, உள்ளே ஒரு கல் அல்லது மலாய்க்காரர் போடும் சொங்கோ தொப்பி வைத்த பொம்மை. நம் முனியாண்டி மாதிரிதான், ஆனால் இவர் மலாய்க்கார முனி. டத்தோ உட்கார்ந்த இடத்தில் கை வைக்க எந்த முதலாளிக்கும் தைரியம் வராது.

"சாமியோட வெளையாடாத. கண்ணக் குத்திரும்" என்றேன்.

"குத்தட்டும். கண்ணு இருந்து இப்ப என்னாத்தப் பாக்குறேன்?"

என் பழைய பட்டு ரவிக்கையைக் கிழித்துக் கொடுத்தேன். இரும்புக் கதவுக்கு நேர் முன்னால், மண்வெட்டி எந்திரம் நுழையும் வழியில் நிற்கிற மரத்தடியில் கல்லை வைத்து, துணியைச் சுற்றி, ஒரு கப் கறுப்புக் கோப்பியும் வெற்றிலையும் வைத்தாள். சாம்பிராணி நான் போட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

அடுத்த வாரம் மண்வெட்டி எந்திரம் அந்த மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுபோனது. எந்திரம் நிற்பது ஊரில் நடக்காததா? ஆனால் ஓட்டுகிறவன் இறங்கிப் பார்த்தான், சிவப்புத் துணியைக் கண்டான், கும்பிட்டுவிட்டு ஓடினான். பிறகு நாங்கள் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. யாரோ கூடு கட்டிக் கொடுத்தார்கள். யாருக்கோ லாட்டரி நம்பர் விழுந்ததாம், அவர் மஞ்சள் சோறு வைத்தார். சனிக்கிழமையானால் பட்டர்வொர்த்திலிருந்து காடி காடியாகக் கூட்டம். ஜாகாகூட வேலைக்கு ஏறும்போது ஒரு கும்பிடு போட்டான். பங்களா வாங்க வந்தவர்கள் வாசலிலேயே டத்தோவைப் பார்த்துவிட்டு, "கேக்காம இவர் எடத்துல வீடு கட்டுறாங்களா?" என்று திரும்பிப் போனார்கள். கெய்க் சிம் தானாகவே பூசாரியாகி, துடைப்பமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தெய்க் ஹுவாட் உயிரோடு இருந்தபோது அவருக்கு இந்த மரியாதையில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை.

பங்களா கட்டும் முதலாளி தன் தரகன் பூன் கியாட்டைப் பிடித்துக் காய்ச்சினான். அந்தப் பூசாரி உன் பெரியம்மாதானே, நீயே படையல் போட்டு, சாமியிடம் கேட்டு வேறு இடத்துக்கு நகர்த்து என்று கெடு வைத்தான்.

படையல் அன்று காலை நாங்கள் இருவரும் என் வாசலில் நின்றிருந்தோம். பூன் கியாட்டின் வண்டி வந்தது. பின்னால் மேசை, பழம், மாலை. நடுவே முழுசாக வறுத்த பன்றி ஒன்று, செக்கச்செவேலென்று, வாயில் ஆரஞ்சுப் பழத்தோடு. இவர்கள் எங்கே அடிக்கல் நாட்டினாலும் மண் சாமிக்கு முழுப் பன்றி வைப்பதுதான் வழக்கம். பழக்க தோஷத்தில் வாங்கி வந்துவிட்டான். ஆனால் டத்தோ மலாய்க்காரர், முஸ்லிம். அவர் கூட்டுக்குப் பன்றி வாடையே ஆகாது. பன்றி தின்றவன் அன்றைக்கு அந்தப் பக்கம்கூடப் போக மாட்டான்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "ஏய், சொல்லிடலாம். சின்னப் பய, தெரியாம செய்யுறான்."

"அவனுக்கு வாயி இருக்குல்ல? கேக்கட்டும்."

"உன் தங்கச்சி மகன்டி."

"அந்தக் கெழவன் அவனுக்குப் பெரியப்பன். ரோட்ல நடன்னு சொன்னப்ப அது ஞாபகம் இருந்துச்சா அவனுக்கு?"

வண்டி எங்களைக் கடந்தபோது பூன் கியாட் கையசைத்தான். இவளும் அசைத்தாள். சிரித்துக்கொண்டே அசைத்தாள்.

நாங்களும் பின்னாலேயே போனோம். பன்றித் தட்டைக் கூட்டுக்கு முன்னால் இறக்கியதும் கூட்டம் ஆவென்று பின்வாங்கியது. ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வேலையாட்கள் தலைத்தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, இனி இந்த மண்ணில் கால் வைக்க மாட்டோம் என்று நடையைக் கட்டினார்கள். பங்களாவுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் அங்கேயே முதலாளியைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் பூன் கியாட்டைப் பார்த்து, "நீயெல்லாம் சீனன்தானாடா?" என்று கேட்டான். பையன் கல்லுக்கு முன்னால் விழுந்தான்.

நான் கெய்க் சிம்மைப் பார்த்தேன். சாவு வீட்டில் இவள் கும்பிடவிடாமல் துரத்திய பையன், இன்று தெய்க் ஹுவாட்டின் கதவுக்கல் முன்னால் நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டிருக்கிறான். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

பன்றியை அகற்றிக் கழுவிவிட்டு, சாமி மன்னித்ததா என்று கேட்கச் சொன்னார்கள். அதற்குப் பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள் உண்டு. தூக்கிப் போட்டால் ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழ வேண்டும். அப்படி மூன்று தடவை விழுந்தால் சம்மதம். பூன் கியாட் போட்டான். சம்மதம். மறுபடி போட்டான். சம்மதம். மூன்றாவதும் அப்படியே. கூட்டம் பெருமூச்சு விட்டது. எனக்குக் கண்கூடக் கலங்கியது. அந்த மனுஷர் இருந்திருந்தாலும் மன்னித்துத்தான் இருப்பார் என்று தோன்றியது.

கெய்க் சிம் குனிந்து கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

"டத்தோவுக்குப் பெரிய மனசு" என்றாள். "எனக்கு அவ்வளவு பெருசு இல்ல. இப்ப நான் கேக்குறேன்."

கூட்டுப் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டாள். "டத்தோ, இந்தக் கதவ எடுக்கணும். நீங்க இங்கயேதான் இருக்கணும். இந்தப் பய தெனம் விடிஞ்சதும் உங்களுக்குக் கோப்பி கொண்டாரணும். காடியில வரக் கூடாது. பெரிய ரோட்ல நடந்து வரணும், நடந்தே போகணும். சரியா?"

கட்டைகள் விழுந்தன. ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. மூன்று தடவையும்.

கதவை அந்த வாரமே அறுத்து எடுத்தார்கள். பங்களாவும் வரவில்லை. பாதை இப்போது எல்லோருக்கும் திறந்துகிடக்கிறது. ஓடைக்குப் பக்கத்தில் நாங்களே ஒரு டீக் கொட்டகை போட்டிருக்கிறோம். ஆணியில் கெய்க் சிம்மின் கோப்பையும், யாரும் தொடாத இன்னொரு கோப்பையும் தொங்குகின்றன.

பூன் கியாட்டுக்கு அந்த வேலை போய்விட்டது. ஆனாலும் வருகிறான். பொய் சத்தியம் செய்யலாம், டத்தோ முன்னால் விழுந்த கட்டையை மீற அவனால் முடியாது. தினமும் பெரிய ரோட்டு ஓரமாக, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு நடந்து வருகிறான். கப்பில் ஊற்றி வைக்கிறான். கல்லைக் கும்பிடுகிறான். அது யார் வீட்டுக் கல் என்று அவனுக்குத் தெரியாது. மலைப்பாதை நிழலில் போனால் அவன் வீட்டுக்குக் குறுக்குவழி. ஒருநாள், "பெரியம்மா, இன்னைக்கு இப்படிப் போயிக்கவா? வெயிலா இருக்கு" என்று கேட்டான்.

"ரோடு போட்டுத்தானே குடுத்தீங்க? அதுல நட."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தணலில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். வளைவுப் பக்கமிருந்து ஒரு லோரி நீளமாக ஹாரன் அடித்தது. அவள் கை அப்படியே நின்றது. லோரி போய், ரோட்டில் பூன் கியாட் இருமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி சாம்பிராணியைக் கிள்ளிப் போட்டாள்.