இரண்டு கொல்லைக்கும் ஒரே வேலி

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆவணியில் காட்டுப்பன்றிகள் இறங்கி எங்கள் மரவள்ளியில் பாதிக்கு மேல் தோண்டித் தின்றுவிட்டன.
2. சூரிய மின்வேலி போடப் பணம் இல்லை. புரட்டாசிக் கடைசியில் இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் உதவி கேட்டேன். நாற்பது நாள் கெடு.
3. பணம் தருகிறவர்களுக்கு எங்கள் கொல்லையில் விளைந்ததையும், நாங்கள் கையால் செய்ததையும் அனுப்புவதாக எழுதினேன்.
4. முப்பத்தோராம் நாள், கேட்டதில் பாதிகூட வந்திருக்கவில்லை.
5. அனுப்ப வேண்டிய சாமை வீட்டில் இருந்தது. அதை ஊரைத் தாண்டி எடுத்துப்போக வழி இல்லை.
6. அன்று செவ்வாய்க்கிழமை. மாரியம்மன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.
7. முப்பத்தெட்டாம் நாள், கேட்டதற்கு மேலேயே வந்து சேர்ந்தது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நடந்ததைத்தான் ஆத்தாளை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

கல்வராயன் மலையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது; கொல்லை என்போம். கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். அப்பா இறந்தபின் அம்மா தனியாக இருக்கக்கூடாது என்று திரும்பி வந்தேன். அப்பா ஒரு நாளும் அந்த மண்ணில் உரமோ மருந்தோ போட்டதில்லை. நானும் போடவில்லை. சாமை, கேழ்வரகு, மரவள்ளி, ஓரத்தில் மஞ்சள், இரண்டு புளியமரம், நான்கு தேன்பெட்டி. இவ்வளவுதான் எங்கள் பண்ணை.

பன்றிகள் வந்துபோன காலையில் அம்மா மிச்சக் கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். மூன்று நாள் கழித்துச் சொன்னாள். "வேலி இல்லாம இனிமே பயிர் வெக்கறது பன்னிக்குப் படையல் போடற மாரிதான். இந்த வருஷம் ஆவலன்னா நான் கேரளாவுக்கு காப்பித் தோட்ட வேலைக்குப் போற கும்பலோட போய்டறேன். நீ உன் கம்பெனிக்கே போய்டு." அவள் சொன்னால் செய்வாள். கொல்லை தரிசாகிவிடும். ஆளுக்கொரு திசையில் கிடப்போம்.

கிரவுட்ஃபண்டிங் என்பதைத் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த பெண்கள் மூலம் கேள்விப்பட்டிருந்தேன். பலர் சிறு சிறு தொகையாகப் போட்டு ஒரு காரியத்தை முடிப்பது. நான் சேர்ந்த இணையதளத்தில் ஒரு விதி உண்டு. கெடுவுக்குள் முழுத்தொகையும் வந்தால்தான் நம் கைக்கு வரும். ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும்.

பரிசுப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதினேன். சாமை அரிசி, தேன், புளி, மஞ்சள்பொடி, அம்மா பின்னும் ஈச்சங்கூடை. கடைசி வரியில் ஈச்சந்துடைப்பம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "தொடப்பத்தப் போய் எவனாவது பரிசுன்னு வாங்குவானாடி?"

"கெடக்கட்டும்மா. எழுதிப் பாப்போம்."

முதல் வாரம் நன்றாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் எழுதினார்கள். எங்கள் சாமையைச் சமைத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் எல்லா வீடும் சேர்வோம், வியாழக்கிழமைக்குள் ஐந்து கிலோ அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று உடனே பதில் போட்டேன். அங்கேதான் தவறு செய்தேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லா வீட்டுச் சாமையும் அறுத்து முடித்து, வீட்டுக்கு ஒரு படி மாரியம்மனுக்கு வைத்துப் பொங்கலிட்ட பிறகுதான் புதுத் தானியம் வாயிலும் படலாம், ஊரைத் தாண்டியும் போகலாம். எப்போதும் ஐப்பசி பாதிக்குள் அது முடிந்துவிடும். நானும் அப்படியே கணக்குப் போட்டு, தேதி எழுதி, பெட்டி வாங்கி, விலாசச் சீட்டுகூட அச்சடித்து வைத்திருந்தேன். இந்த வருடம் ஐப்பசி முடியப் போகிறது, பொங்கல் வைக்கவில்லை.

பூசாரி மாமாவிடம் போனேன். அவர் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சே அஞ்சு கிலோ மாமா. பார்சல்ல போவணும்."

"அஞ்சு கிலோ இன்னா, அஞ்சு அரிசிமணி இன்னா. ஆத்தாளுக்கு வெக்காம எப்டிப் போவும்?"

"எப்பதான் வெப்பீங்க?"

"குப்பம்மா கொல்ல இன்னும் நின்னுக்கினு கீது. அது அறுக்கட்டும். என்னக் கேட்டா? நானா அறுக்க மாட்டன்றேன்?"

குப்பம்மா அத்தை எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரி. வேலி பற்றி ஊரில் பேச்சு அடிபட்ட நாளிலிருந்து எங்களோடு பேசுவதில்லை. அம்மாவும் அந்தப் பக்கம் முகம் திருப்புவதில்லை. அவர்களிடம் போய்க் கேட்பது என் பட்டியலில் எங்குமே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, அம்மா உரலில் குத்திப் புடைத்து வைத்திருந்த சாமையில் ஐந்து கிலோவை என் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். மேலே ஒரு சேலையை மடித்து வைத்தேன். கள்ளக்குறிச்சி பஸ் பதினோரு மணிக்கு. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே மாரியம்மன். கோயிலுக்குக் கதவு கிடையாது. நான் எங்கே நின்றாலும் அவள் முகம் தெரிந்தது.

பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறும்மா, நேரமாவுது" என்றார். நான் ஏறவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பஸ் போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

"தாயே, எல்லாம் எழுதினேன். உன்னை எழுதவில்லை. நான் போட்ட கணக்கு எல்லாம் தீர்ந்துபோய்விட்டது. இனி என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்லு."

குரல் எதுவும் கேட்கவில்லை. பூ விழவில்லை. பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து, ஒன்று என்று எண் போட்டேன். அதற்குப் பக்கத்தில் குப்பம்மா அத்தையின் பெயரைத் தவிர வேறு எதுவுமே எனக்கு எழுத வரவில்லை. அதை எழுத வைத்தது ஆத்தாள்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டில் சாமையைக் கொட்டிவிட்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு. வழுக்கி விழுந்து பத்து நாள் ஆகிறதாம். மகன் கேரளாவில் இருக்கிறான். அறுக்க ஆள் இல்லை. பக்கத்துக் கொல்லையில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

"வாம்மா, கம்பி போடற எஞ்சினியரம்மா. உன் கொல்லையச் சுத்திக் கம்பி கட்டிட்டு, பன்னிங்கள எல்லாம் என் கொல்லைக்கு ஓட்டி வுடப் போறியாமே."

அவர்கள் சொன்னது சரி. என் வரைபடத்தில் நடு வரப்பில் கம்பி போயிருந்தது. அந்தக் கம்பியைத் தொட்டுப் பயந்து ஓடும் பன்றி எங்கே போகும் என்று நான் யோசித்ததே இல்லை. உதவியை எனக்குக் கேட்டேன், எனக்கு மட்டும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பிப் புதிதாக வரைந்தேன். "அத்தே, நடுவுல கம்பியே வேணாம். ரெண்டு கொல்லையும் ஒண்ணா சேத்துச் சுத்திடலாம். சூரியப் பலகையும் கரெண்ட் பெட்டியும் ஒண்ணே போதும். கம்பி மட்டுந்தான் ஜாஸ்தி ஆவும், அதுவும் பாதிதான்."

"துட்டு?"

"கேட்டுப் பாக்கணும்."

"மொதல்ல கேட்டதே இன்னும் வரலியாம். இன்னும் ஜாஸ்தியா கேக்கப் போறியா? நல்லா கீது உங்க படிப்பு." சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார்கள். பிறகு கூரையில் செருகியிருந்த கதிர் அரிவாளை இடது கையால் எடுத்து என் முன்னால் வைத்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் அறுக்க இறங்கினேன். அம்மா வரப்பில் நின்று, "அவ கொல்லைல நான் போய்க் குனியணுமா?" என்று முணுமுணுத்தாள். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் எனக்கு முன்னால் அறுத்துக்கொண்டு போகிறாள். மதியத்துக்குள் தெருப் பெண்கள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை.

அந்த இரண்டு நாளும் மேகம் மலைமேல் கறுத்துக்கொண்டு நின்றது. நனைந்தால் சாமை போச்சு. மாலை பஸ்ஸில் வந்தவர்கள் சொட்டச் சொட்ட இறங்கினார்கள். மலைக்குக் கீழே தியாகதுருகத்தில் தெருவெல்லாம் தண்ணீர் என்றார்கள். எங்கள் களத்தில் ஒரு துளி விழவில்லை. வியாழன் மாலை கடைசிக் கதிரையும் அடித்து, தூற்றி, மூட்டை கட்டினோம். வீட்டுக்குள் வைத்த பிறகு மழை பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பொங்கல். வீட்டுக்கு ஒரு படியாக எல்லோரும் வைத்தார்கள். குப்பம்மா அத்தை மாவுக்கட்டுக் கையில் படியை அணைத்துப் பிடித்து நின்றதைப் படம் எடுத்தேன்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறைமேல்தான். அங்கே போய் உட்கார்ந்து, பணம் கொடுத்தவர்களுக்கு எழுதினேன். சாமையைச் சொன்ன நாளில் ஏன் அனுப்பவில்லை என்று எழுதினேன். பையில் மறைத்ததையும் எழுதினேன். என் வேலி பக்கத்துக் கொல்லைக்குச் செய்ய இருந்த கெடுதலை எழுதினேன். இனி வேலி இரண்டு கொல்லைக்கும், அதனால் தேவையும் கூடுகிறது, முடிந்தவர்கள் கொடுங்கள் என்று எழுதினேன். அந்தப் படத்தையும் வைத்தேன். வியாழக்கிழமைக் கெடு தவறிவிட்டது, சென்னைப் பெண்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் என் மனதில் பாரம் இல்லை.

சனிக்கிழமை அவர்களிடமிருந்து பதில் வந்தது. சமைத்துப் பார்க்க அவசியம் இல்லை. அம்மனுக்கு வைத்த பிறகு வருகிற சாமைதான் எங்களுக்கு வேண்டும். எல்லா வீடும் சேர்கிறோம், பக்கத்துக் குடியிருப்புக்கும் சொல்லியிருக்கிறோம். இவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். ஞாயிறும் திங்களும் முன்பின் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பாறைமேல் ஏறிப் பார்த்தேன். இரண்டு கொல்லைக்கும் சேர்த்து வேண்டியது முழுக்க வந்திருந்தது. பஸ்ஸில் ஏறாமல் நின்றேனே, அதே செவ்வாய், சரியாக ஒரு வாரம்.

அத்தை கீழே மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாடி, போனப் பாத்து அழுவற? வரலியா?"

"வந்துடுச்சி அத்தே. நம்ம ரெண்டு பேருக்கும்."

அத்தை கோயில் இருக்கும் பக்கம் திரும்பி, கட்டுப் போட்ட கையையும் சேர்த்துத் தூக்கிக் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் எங்கள் வீடு முழுக்கப் பெட்டிகள். எல்லோரும் அதிகமாகக் கேட்டது எது தெரியுமா? துடைப்பம். அம்மா ஒருத்தியால் முடியாமல், கட்டுப் பிரித்த கையோடு அத்தையும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே ஈச்ச ஓலையைக் கிழித்துக் கட்டினார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு விலாசச் சீட்டு ஒட்டிய மதியங்களை நான் மறக்க மாட்டேன். மார்கழியில் முறைப்படி அனுமதி வாங்கி, வேலியை நானே நின்று கட்டினேன். தொட்டால் சுருக்கென்று உதறும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. தை மாதம் ஒரு காலை, வேலிக்கு வெளியே குளம்புத் தடம் வரிசையாக வந்து, அப்படியே காட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது. அம்மா அந்தத் தடத்தின் பக்கத்தில் நின்று கற்பூரம் ஏற்றினாள்.

நான் இப்போதும் பட்டியல் போடுகிறேன். போட்டு முடித்ததும் கோயிலுக்கு எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்துவிட்டு, சற்று நேரம் சும்மா உட்காருகிறேன். அநேகமாக யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போயிருக்கும். உங்களுக்கும் வழி அடைபட்டு நிற்கிறதென்றால், உங்கள் கணக்கைக் கொண்டுபோய் அவளிடம் காட்டுங்கள். அவள் கைவிடமாட்டாள். யாருடைய வாசலுக்குப் போகச் சொல்கிறாளோ, அங்கே போங்கள்.

இது வைகாசி. வேலி நிற்கிறது. அனுப்ப வேண்டிய பெட்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டு கொல்லையிலும் மரவள்ளி இடுப்பு உயரம். நடு வரப்பில் கம்பி இல்லை. அம்மா மலையில்தான் இருக்கிறாள், நானும்.