தபால்பெட்டியின் பச்சை மை கையெழுத்து

போன வாரம் வாழ்க்கையில் முதல் முறையாகச் சாட்சிக் கூண்டில் ஏறினேன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால்?

"சாட்சி சொல்றதுக்கு எதுக்குங்க பேனா?" என்றாள் மனைவி கோமதி. "அங்கயும் போய் யாருக்காச்சும் கையெழுத்துப் போடோணுமாக்கும்?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நான் புனேயில், வானவடி பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளை மேனேஜர். தலைமை அலுவலகம் சென்னை. பாலிசிகள் அங்கேயே கையெழுத்தாகி, முத்திரைத் தீர்வையும் கட்டப்பட்டுத்தான் வருகின்றன. மகாராஷ்டிர அரசோ, 'எங்களுக்கும் கட்டு' என்கிறது. பாலிசி சென்னையிலேயே முழுமையாகிவிடுகிறது, புனே கிளை வெறும் தபால்பெட்டி... இதுதான் எங்கள் வாதம். தோற்றால் கிளையையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

"நாங்கள் தபால்பெட்டி" என்றேன் கூண்டில். கச்சிதமாக.

அரசு வக்கீல் அம்மையார் ஒரு பாலிசியை நீட்டினார். இந்தியில் கேட்டார்: "சாஹேப், சென்னை ஆபீசர் கையெழுத்துக்குப் பக்கத்துல, பச்சை மையில இன்னொண்ணு இருக்கே... யாருது?"

என்னுடையதுதான்!

யாரும் போடச் சொல்லவில்லை. ஆனால், என் கையெழுத்து இல்லாத காகிதம் என் மேஜையைத் தாண்டினால் எனக்குச் சோறு இறங்காது. கஸ்டமரை எதிரே உட்காரவைத்து, நிதானமாகப் போடுவேன். அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

"போடாம கொடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அதுவரைக்கும் பாலிசி முழுமையாகாது... அப்படித்தானே?"

"நிச்சயமா!" என்றேன் பெருமையாக.

எங்கள் வக்கீல் ஜோஷி கண்களை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "அரே சாஹேப்! தபால்பெட்டி எங்கயாவது கையெழுத்துப் போடுமா?"

ஏனோதானோ என்று வேலை பார்க்கிறவன் 'ஞாபகமில்லை' என்று தப்பித்துவிடுவான். ஒழுங்காக வேலை பார்க்கிறவனுக்கு அந்த வசதியும் கிடையாது – தன் தப்புக்கும் தானே கையெழுத்துப் போட்டு வைத்திருப்பான்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது: 'புனே கிளையில் யாரும் பாலிசியில் கையெழுத்திடக் கூடாது.'

படித்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். போட்டேன். பச்சை மை, ஒரு கோடு, இரண்டு புள்ளி.

அடியில் 'இடம்: புனே' என்றும் எழுதினேன். கேட்காவிட்டால் என்ன?